கொண்டுவந்து கொடுக்கப்பட்ட மாதிரி

லட்சுமிநாராயணன் கேனின் மூடியைத் திருகித் திறந்து மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். பாசி வாடை. அடியில் கொஞ்சம் சேறு. அவர் தேடிய காரமான நெடி மட்டும் இல்லை.

"அமிலம் ஊத்தலையா?"

"எதுக்குண்ணே?" வண்டிச் சாவியை விரலில் சுழற்றியபடி, மில்லிலிருந்து வந்த ஜெயபாண்டி கேட்டான்.

"போன மாசம் ஆறு கண்ணாடிப் புட்டி குடுத்தேனே. உள்ளேயே அமிலம் அளந்து ஊத்தி, பேரெழுதி ஒட்டிக் குடுத்தேன்."

"அதுல ரெண்டு ஒடஞ்சுபோச்சு. சமயநல்லூர்ப் பக்கம் ரோட்டப் பாத்தீகன்னா தெரியும். மிச்சத்த மேனேசர் வேணாம்னுட்டாரு. நாம அமிலத்த ஊத்திக் குடுத்தா, நாளைக்கி ஒரு பேச்சு வந்தா நாமதேன் எதையோ கலந்துட்டோம்பாகளாம். அதேன் கேன்லயே மோந்துக்கிட்டேன். நல்ல கேனுண்ணே, குடிதண்ணிக் கேனு."

"என்னைக்கு எடுத்தது?"

"போன வியாழன்."

அன்றைக்குப் புதன்கிழமை. லட்சுமிநாராயணன் மூடியைத் திரும்ப மாட்டிவிட்டுக் கேனை மேசையின் கீழே வைத்தார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெங்கடேஷ்பாபு, செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல், தனக்கும் லட்சுமிநாராயணனுக்கும் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிர மொழியில் சொன்னார்: "வந்ததைப் பாரு. வராததைப் பற்றி நமக்கென்ன?"

ஜெயபாண்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னையத் திட்டிக்கிறீகளாண்ணே?"

"சேச்சே. காபி சொல்லட்டுமான்னு கேக்குறாரு," என்றார் லட்சுமிநாராயணன்.

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டுமேல், ஒரு சிமெண்டு கடையின் மாடியில் இருந்தது அந்தச் சோதனைக்கூடம். தண்ணீர், உரம், எண்ணெய், சாயக் கழிவு என்று எது வந்தாலும் சோதித்து அறிக்கை கொடுப்பார்கள். வெங்கடேஷ்பாபு முதலாளி. லட்சுமிநாராயணனின் சகலை, மனைவியின் தங்கையைக் கட்டியவர். இவரைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் அறைக்குள் போகும்போது லட்சுமிநாராயணன் கதவைத் தட்டிவிட்டுத்தான் போவார்.

ஜெயபாண்டி கொண்டுவந்தது வாடிப்பட்டிக்குத் தெற்கே ஒரு கண்மாயின் தண்ணீர். கண்மாயின் மேல்கரையில் ஒரு நூற்பாலை இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் அந்த ஆலை தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே நிலக்கரி எரித்து எடுக்க ஆரம்பித்தது. ஒரு புகைக்குழாய் எழுந்தது. எரிந்த சாம்பலைக் கண்மாய் ஓரத்தில் கொட்டினார்கள். அது மெல்ல ஒரு சின்னக் குன்றாக, கரடு போல வளர்ந்தது. மழை பெய்தால் கரடு கொஞ்சம் கரைந்து கண்மாய்க்குள் இறங்கும். இரண்டு வருடத்துக்கு முன் ஏதோ கல்லூரியிலிருந்து வந்தவர்கள், நிலக்கரிப் புகையில் பாதரசம் உண்டு, அது தண்ணீரில் இறங்கி மீனில் ஏறும், மாசமாக இருக்கிற பெண்கள் தின்றால் வயிற்றுப் பிள்ளையின் மூளையைத் தாக்கும் என்று ஊரில் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வருடமும் அடுத்த வருடமும் ஊரார் கண்மாயில் மீன் பிடிக்கவில்லை. இப்போது ஆலை இரண்டாவது கொதிகலனுக்கு அனுமதி கேட்டிருந்தது. அதற்குப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒன்று நடக்க வேண்டும். கூட்டத்துக்கு முன்னால் தண்ணீரைப் பற்றி ஓர் அறிக்கை வேண்டும்.

பாதரசத்துக்கு ஒரு குணம் உண்டு. அமிலம் சேர்க்காமல் பிளாஸ்டிக் கேனில் வைத்தால், கரைந்திருக்கும் பாதரசம் சில நாட்களில் தண்ணீரை விட்டுவிட்டுக் கேனின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். மிஞ்சுவது நல்ல தண்ணீர். இது லட்சுமிநாராயணனுக்குத் தெரியும். ஜெயபாண்டிக்கு இரண்டு தடவை விளக்கியும் இருந்தார். ஆலை மேலாளருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தார். ஆனால் அதைக் கேட்பது அவருடைய வேலையில்லை.

அன்று மத்தியானம் தண்ணீரை முறைப்படி சோதித்தார். எந்தப் படியையும் தாண்டவில்லை, எதையும் கூட்டிக் குறைக்கவில்லை. மீட்டரின் ஊசி அசையவில்லை. அறிக்கையில் பாதரசம் என்பதற்கு நேரே 'கண்டறியும் அளவுக்குக் கீழ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தாளின் அடியில் ஏற்கெனவே ஒரு வரி அச்சாகியிருந்தது. 'மாதிரி எங்களால் எடுக்கப்பட்டதல்ல. இம்முடிவு கொண்டுவந்து கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்.' அது அவர் எழுதிய வாக்கியம். தொண்ணூற்றிரண்டில் ஒரு சாயப்பட்டறைக்காரர் தன் பட்டறைக் கழிவு என்று ஒரு பாட்டில் குழாய்த் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். அதைத் திருப்பியனுப்ப வெங்கடேஷ்பாபு விடவில்லை. பொய்யும் சொல்லாமல் ஆளையும் இழக்காமல் இருக்க ஒரு வழி வேண்டும் என்று லட்சுமிநாராயணன் இரண்டு நாள் யோசித்து இந்த வாக்கியத்தை எழுதினார். வெங்கடேஷ்பாபு படித்துவிட்டு, "இதை எல்லாத் தாளிலும் அடிச்சிருவோம்," என்றார். அத்தனை வருடம் படித்த படிப்புக்கு அச்சில் ஏறிய தன் வாக்கியம் இது ஒன்றுதான் என்பதில் அவருக்கு அப்போது பெருமைகூட இருந்தது.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, என்ன தோன்றியதோ, கேனில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்டினார். வெறும் கேனுக்குள் கொஞ்சம் நைட்ரிக் அமிலக் கரைசலை விட்டுக் குலுக்கி, அரை மணி நேரம் வைத்து, அந்தக் கழுவுநீரைக் கருவிக்குள் விட்டார்.

ஊசி ஏறியது. தயங்காமல், முக்கால் வட்டம் வரை ஏறி நின்றது.

மறுநாள் அதைச் சொன்னபோது வெங்கடேஷ்பாபு செய்தித்தாளை மடித்து வைத்தார். பிறகு கேட்டார்: "அவங்க தண்ணியைச் சோதிக்கக் குடுத்தாங்களா, கேனைச் சோதிக்கக் குடுத்தாங்களா?"

லட்சுமிநாராயணன் கேனைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அப்பா ஒரு நூல் கடையில் வேலை பார்த்தவர். கடையில் ஆள் நிற்கும்போதே அப்பாவும் முதலாளியும் வீட்டுப் பேச்சில் விலையை முடிவுசெய்வார்கள். எதிரே நிற்பவர் சிரித்த முகத்தோடு காத்திருப்பார். பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், காய்கறிக்காரியின் எதிரில், எங்கேயும் அப்படித்தான். கூட்டத்துக்கு நடுவில் நின்றபடியே கதவைச் சாத்திக்கொள்ளலாம். லட்சுமிநாராயணன் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை. யோசித்ததே இல்லை. எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்து, ஒரு கல்லூரியில் ஏழு வருடம் தற்காலிகச் செய்முறை ஆசிரியராக இருந்தார். அது கடைசி வரை தற்காலிகமாகவே இருந்தது. ஆலைகளுக்குச் சோதனை அறிக்கை கட்டாயம் என்று ஆன காலத்தில் சகலை இந்தக் கூடத்தைத் தொடங்கி, "வந்துரு," என்றார். வந்துவிட்டார். ஒரு மகள், பிருந்தா, ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் படித்தாள். அதிர்ந்து பேசாதவர் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்டால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்கு, வீட்டு வாசலில் ஒரு பெரியவரும் ஒரு பெண்ணும் நின்றார்கள். பெரியவர் கையில் ஒரு சாக்குப் பை.

"லட்சுமிநாராயணன் சார் வீடுதானே? நான் நல்லகாமன். நம்ம கம்மாய்ப் பாசன சங்கத்துத் தலைவரு. வாடிப்பட்டிக்கு அங்கிட்டு." பையைத் தரையில் வைத்தார். "நீங்க கவுச்சி சாப்பிட மாட்டீகன்னு மில்லுல ஜெயபாண்டி சொன்னாரு. அதேன் தோட்டத்துக் கத்திரிக்கா கொண்டாந்தேன். இது எம் மருமக பாண்டீஸ்வரி. ஆசுபத்திரியில காட்டிட்டு வாரோம். அஞ்சு மாசம்."

அந்தப் பெண் சுவரோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். கையில் மருந்துச் சீட்டை நாலாக மடித்து வைத்திருந்தாள். லட்சுமிநாராயணனின் மனைவி சுந்தரவல்லி காபி கொண்டுவந்தாள்.

"பஞ்சாயத்து ஆபீசுல உங்க தாள ஒட்டியிருக்காக சார்," என்றார் நல்லகாமன். "ஊரே கூடி வாசிச்சோம். ரெண்டு வருசமா கம்மாய்ல ஒருத்தரும் கால வைக்கல. மீனு ஒவ்வொண்ணும் இம்புட்டு நீளம் கெடக்கு. கண்ணால பாத்துக்கிட்டே இருந்தோம். ஒங்க தாளு வந்தப்பறந்தேன் உசுரு வந்துச்சு. வார ஞாயித்துக்கிழம மீன்பிடி. நீங்க கட்டாயம் வரணும்."

"நானா?"

"நீங்கதேன். எழுதிக் குடுத்தவுக வராம எப்பிடி? இவளுக்கும் கம்மா மீனுன்னா அம்புட்டு ஆச. நாலு மாசமா வாயில எதுவும் தங்கல. மீனு ஒண்ணுதேன் கேக்குறா."

சுந்தரவல்லி தம்ளரை நீட்டியபடியே வீட்டுப் பேச்சில் கேட்டாள்: "அந்தத் தண்ணி நல்லதுதானா?"

லட்சுமிநாராயணன் நல்லகாமனைப் பார்த்துச் சிரித்த முகத்தை மாற்றாமல், ஏதோ சர்க்கரை போதுமா என்று சொல்வதுபோல, அதே பேச்சில் பதில் சொன்னார்: "கேனைக் கழுவின தண்ணியிலேயே ஊசி முக்கால் வட்டம் ஏறிச்சு. தண்ணியில இருந்ததெல்லாம் கேன்ல ஒட்டிக்கிட்டது. இவங்களுக்கு அது தெரியாது."

"இந்தப் பொண்ணு இப்படி இருக்காளே. சொல்ல வேண்டாமா?"

"சொன்னா நாளைக்கே சகலை கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான். நான் எங்கே போறது? காபியைக் குடுத்து அனுப்பு."

"என்ன சார் சொல்றாக தங்கச்சி?" நல்லகாமன் கேட்டார்.

"கத்திரிக்கா ரொம்ப நல்லாருக்காம்."

நல்லகாமன் சிரித்தார். "ஒரு பிஞ்சுகூடச் சொத்த இருக்காது." பாண்டீஸ்வரி காபித் தம்ளரை வாயில் வைக்காமலே கீழே வைத்தாள்.

கிளம்பும்போது நல்லகாமன் பஸ்ஸை நிறுத்த முன்னால் ரோட்டுக்குப் போய்விட்டார். லட்சுமிநாராயணன் கேட் வரை வந்தார். பாண்டீஸ்வரி செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, அவருடைய வீட்டுப் பேச்சில், ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துக் கேட்டாள்:

"கேனில் ஒட்டினது மீனிலும் இருக்குமா?"

அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கைத்தறி நகர்ல ஒங்க பாசைக்காரவுக வீட்ல நாலு வருசம் தறிக்கு நூல் சுத்துனேன்," என்றாள் இப்போது தமிழில். "கல்யாணத்துக்கு முந்தி. அந்த வீட்லயும் இப்பிடித்தேன். என்னைய வச்சுக்கிட்டே என்னையப் பத்திப் பேசுவாக. ஆறு மாசத்துல எல்லாம் வெளங்கிருச்சு. வெளங்குதுன்னு நான் காட்டிக்கிட்டதில்ல."

"இரும்மா. அது வந்து..."

"இருக்குமா, இருக்காதா?"

"இருக்கலாம். மீனைச் சோதிச்சாத்தான் தெரியும்."

"அப்ப எங்க மாமாகிட்டச் சொல்லுங்க."

"நீ சொல்லேன்."

"நான் சொன்னா யாரு நம்புவா? சார் அவுக பாசையில பேசுனாரு, எனக்கு வெளங்குச்சுன்னு சொன்னா சிரிப்பாக. தாளுல கையெழுத்து ஒங்களது. நீங்கதேன் சொல்லணும். ஞாயித்துக்கிழம ஊரே நிக்கும். அங்க வச்சுத் தமிழ்ல சொல்லுங்க."

பஸ் வந்து நின்றது. "வாரேன்," என்றார் லட்சுமிநாராயணன். அது சும்மா விடைகொடுக்க வாயில் வந்ததா, ஞாயிற்றுக்கிழமைக்குச் சொன்னதா என்று அவருக்கே தெரியவில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று எடுத்துக்கொண்டாள். தலையை ஆட்டிவிட்டு ஏறினாள்.

உள்ளே வந்தபோது சுந்தரவல்லி கத்திரிக்காய்களைத் தட்டில் பரப்பிக்கொண்டிருந்தாள். அவளிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. சொன்னால், அந்தப் பெண்ணின் எதிரில் தான் சிரித்துக்கொண்டிருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். பிள்ளைக்கு ஆகாது என்று தெரிந்து, அந்தப் பிள்ளையைச் சுமந்தவள் கேட்கும்படியே, சிரித்த முகமாகச் சொன்னார். அவர் நினைத்து நினைத்துக் குறுகியது அந்தச் சிரிப்பைத்தான். பொய் அறிக்கை கொடுத்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை வெங்கடேஷ்பாபுவின் அறைக்கதவைத் தட்டினார். மீன்பிடிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அங்கே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன் என்றார். அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லவில்லை.

"என்ன சொல்லுவே?" வெங்கடேஷ்பாபு கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "புதன்கிழமை கூட்டம். கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து வருவாங்க. நீ எழுந்து புகையில பாதரசம் இருக்குன்னு சொல்லு. அதிகாரி என்ன கேட்பாரு? வரம்பு எவ்வளவு, எவ்வளவு தாண்டியிருக்குன்னு கேட்பாரு. புகைக்குழாய்ல தூசிக்கு வரம்பு எழுதியிருக்காங்க. பாதரசத்துக்கு இந்த நாட்டுல வரம்பே எழுதலை. எழுதணும்னு யாராவது ஆரம்பிச்சா, கரண்டு விலை ஏறும்பாங்க, மில்லு மூடும்பாங்க, மூணு வருஷம் கமிட்டி போடுவாங்க. இல்லாத கோட்டை ஒருத்தன் தாண்டிட்டான்னு நீ எப்படிச் சொல்லுவே?"

"கண்மாய்த் தண்ணிக்கு வரம்பு இருக்கே."

"இருக்கு. தண்ணியில இல்லைன்னு நீதான் எழுதியிருக்கே."

லட்சுமிநாராயணன் எழுந்தார்.

"போய்ட்டு வா," என்றார் வெங்கடேஷ்பாபு பின்னாலிருந்து. "மரியாதைக்குக் கூப்பிட்டா போகணும். பொய் சொல்லாதே. தாளில் இருக்கிறதை மட்டும் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கண்மாய்க் கரை முழுக்க ஆட்களாக இருந்தது. மூங்கில் கூடையை அடி திறந்து செய்ததுபோன்ற ஊத்தாக்கள், வலைகள், வலை இல்லாதவர்களிடம் கொசுவலை, அதுவும் இல்லாதவர்களிடம் பழைய சேலை. நீர் முழங்கால் அளவுக்கு வற்றியிருந்தது. மேல்கரையில் சாம்பல் கரடு வெயிலில் வெளிறிக் கிடந்தது. புகைக்குழாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளைத் துண்டு வீசும்வரை ஒருவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. பிடித்த மீனை விற்கவும் கூடாது. அன்றைக்கு ஊரில் எல்லா வீட்டிலும் மீன் குழம்பு. வயசானவர்கள், நோயாளிகள் உள்ள வீடுகளுக்கும் பங்கு போகும். அது ஊர் வழக்கம்.

நல்லகாமன் அவரைக் கைப்பிடித்து மடைமேல் ஏற்றினார். ஒரு புதுத் துண்டைக் கழுத்தில் போட்டார். இன்னொரு வெள்ளைத் துண்டைக் கையில் கொடுத்தார்.

"எல்லாரும் கேளுங்கப்பா. ரெண்டு வருசமாப் பூட்டிக்கெடந்த கம்மாயத் தொறந்துவிட்ட சாரு இவருதேன். இந்த வருசம் துண்ட அவருதேன் வீசணும். அதுக்கு முந்தி நம்மளுக்கு ஒரு வார்த்த சொல்லுவாரு."

கைதட்டினார்கள். ஒரு கிழவர், "சுருக்கமாச் சொல்லச் சொல்லுப்பா, மீனு காத்துக்கிட்டு இருக்கு," என்றார். சிரிப்பு எழுந்தது.

கரையின் கீழே கருவேல மர நிழலில் பாண்டீஸ்வரி நின்றாள். பக்கத்தில் அவள் மாமியார் ஒச்சாயி, இடுப்பில் ஒரு பெரிய அலுமினியச் சட்டியோடு. பாண்டீஸ்வரி சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் வரும்போது அவர் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்திருந்தார். 'இந்த மீனை யாரும் சாப்பிடாதீர்கள், முதலில் நான் சோதித்துச் சொல்கிறேன்.' அவ்வளவுதான். வாயைத் திறந்தார். முன்னூறு முகங்கள் அவரைப் பார்த்துச் சிரித்தன.

"அந்த அறிக்கையில..." என்று ஆரம்பித்தார். "அறிக்கையில ஒரு விஷயம் போட்டிருக்கோம். மாதிரி எங்களால் எடுக்கப்பட்டதல்ல. முடிவு, கொண்டுவந்து கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்."

முன்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னப்பா சொல்றாரு?" பின்னாலிருந்து ஒருவர்.

"நல்லாருக்குன்னு சொல்றாரு."

"அத நேராச் சொன்னா என்ன?"

மறுபடி சிரிப்பு. மறுபடி கைதட்டல். "துண்ட வீசுங்க சார், வெயில் ஏறுது," என்றார் நல்லகாமன் அன்பாக. லட்சுமிநாராயணன் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். அதைக் கீழே வைத்திருக்கலாம். மடைமேல் வைத்துவிட்டு இறங்கியிருந்தால்கூட, ஏன் என்று யாராவது கேட்டிருப்பார்கள். பிற்பாடு அவர் எத்தனையோ தடவை அதை நினைத்துப் பார்த்தார். அப்போது கை தானாக மேலே போனது. துண்டு வீசப்பட்டது.

ஊர் முழுக்க ஒரே இரைச்சலோடு கண்மாய்க்குள் இறங்கியது. நிமிடத்தில் தண்ணீர் சேறாகிவிட்டது. கெண்டையும் கெளுத்தியும் துள்ளின. ஊத்தாவைக் குத்திக் கையை உள்ளே விட்டு ஒருவன் கை நீள விராலை மேலே தூக்கிக் காட்டினான்.

அவர் கரையிலிருந்து இறங்கிக் கருவேல மரத்தடிக்குப் போனார். ஒச்சாயி கண்மாயைப் பார்த்து யாரையோ உற்சாகமாக ஏவிக்கொண்டிருந்தாள். அவர் பாண்டீஸ்வரியிடம், தாழ்ந்த குரலில், தன்னுடைய வீட்டுப் பேச்சில் சொன்னார்:

"நீ சாப்பிடாதேம்மா. எப்படியாவது தவிர்த்துவிடு."

அவள் தமிழில்தான் பதில் சொன்னாள். அவளும் சத்தமாகச் சொல்லவில்லை.

"எங்க தெருவுல இன்னும் மூணு பேரு மாசமா இருக்காக சார். அவுகளுக்கு இந்தப் பாசை தெரியாது."

ஒச்சாயி திரும்பினாள். "என்னத்தா, சாரு என்ன சொல்றாரு?"

பாண்டீஸ்வரி அவரை ஒரு முறை பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லத்த. மாசமா இருக்கிறவ வெயில்ல நிக்காதன்றாரு."

"பாத்தியா, எம்புட்டு அக்கற," என்றாள் ஒச்சாயி. அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். "நல்லா இருக்கணும் சாமி நீங்க."

பதினொரு மணி பஸ்ஸுக்கு நல்லகாமனே வந்து ஏற்றிவிட்டார். ஒரு பிளாஸ்டிக் பையில் ஒரு விரால் போட்டு, மேலே வேப்பிலை வைத்துக் கட்டிக் கொடுத்தார். "திங்காட்டிப் போவுது, தெரிஞ்சவுக யாருக்காச்சும் குடுங்க. கம்மாய்க்கு வந்தவுகள வெறுங்கையா அனுப்பக் கூடாது." வாங்கிக்கொண்டார். விளாங்குடியில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் கூடத்தைத் திறந்து, மாதிரிகள் வைக்கும் குளிர்பெட்டியில் பையை வைத்துப் பூட்டினார். கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார்.

மறுநாள் திங்கட்கிழமை. எட்டு மணிக்குக் கூடத்துக்கு வந்தார். விராலை வெளியே எடுத்து, உறைந்தது இளகியதும், முதுகுச் சதையில் ஒரு துண்டு வெட்டினார். வாழ்நாளில் மீனை அறுத்தது அதுதான் முதல் தடவை. சதையை அமிலத்தில் கரைத்துக் கருவியில் விட்டார். கணக்கிட்டால் கிலோவுக்கு ஒன்று புள்ளி ஒன்று மில்லிகிராம் வந்தது. மீனுக்கு விதியில் உள்ள வரம்பு அரை மில்லிகிராம். இன்னொரு தடவை செய்தார். ஒன்று புள்ளி பூஜ்யம் ஒன்பது. பதிவேட்டை எடுத்துத் தேதி எழுதினார். அடுத்த பத்தியில் மாதிரி கொடுத்தவர் பெயர் எழுத வேண்டும். எழுதவில்லை. தேதியை அடித்துவிட்டு, அந்த எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்தார்.

பத்து மணிக்கு வெங்கடேஷ்பாபு வந்தார். போனது எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றார் லட்சுமிநாராயணன்.

பதினொரு மணிக்கு ஜெயபாண்டி நான்கு கேன்கள் கொண்டுவந்தான். கிணற்றுத் தண்ணீர் இரண்டு, போர்த் தண்ணீர் இரண்டு. "நேத்து ஒங்க பேருதேன் ஊரெல்லாம்," என்றான். "நல்லகாமன் வீட்ல மட்டும் அஞ்சு விரால்ணே. தெருவுல ஒரு வீடு பாக்கியில்லாமக் குழம்பு. மருமகப்புள்ள மட்டும் ஒரு வாய் திங்கலையாம். நாலு மாசமாக் கேட்டுட்டு இப்ப திங்க மாட்டேன்றாளேன்னு மாமியாவுக்கும் அவளுக்கும் ஏக சண்ட. தெருக்காரிககிட்டயும் திங்காதீகன்னு போய்ச் சொன்னாளாம். புள்ளத்தாச்சிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு சிரிக்கிறாக."

லட்சுமிநாராயணன் முதல் கேனின் மூடியைத் திறந்து மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். அமில நெடி இல்லை. நான்கிலும் இல்லை. பெற்றுக்கொண்டதாகச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

புதன்கிழமை கூட்டத்துக்காக அறிக்கையின் நகல் பத்து வேண்டும் என்று மத்தியானம் ஆலையிலிருந்து போன் வந்தது. கீழே கடைக்குப் போய் எடுத்துவந்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டார்.

ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனார். பல வருடமாகப் பாத்திரம் தேய்க்க வரும் சீனியம்மாள் பின்கட்டில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். சுந்தரவல்லி, ஞாயிற்றுக்கிழமை அங்கே என்னதான் நடந்தது, அந்தப் பெண்ணைப் பார்த்தீர்களா என்று வீட்டுப் பேச்சில் கேட்டாள். அவர் சீனியம்மாளின் முதுகைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி, பையிலிருந்த துண்டுத் தாளோடு, ஆணியில் மாட்டினார்.